இரண்டு அங்குலம் உயர்ந்த கார்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்கு முன் கார் நிலத்துக்கு வந்துவிடவேண்டும் என்று சிவக்கொழுந்து விடிந்ததிலிருந்து நாலு தரம் சொல்லிவிட்டார்.

கார் கோப்பாய் வீதியில் உள்ள அருட்செல்வனின் கராஜில் நாலு முட்டுகளின் மேல் நின்றது. சில்லுகள் அந்தரத்தில் தொங்கின. அருட்செல்வன் காருக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். அவனுடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"தம்பி, நேரம் போகுது," என்றார் சிவக்கொழுந்து. அவர் கையில் தேங்காயும் கற்பூரமும் இருந்தன. நாலு தேசிக்காய்களை ஏற்கெனவே சில்லுகளுக்கு நேர்கீழே வைத்துவிட்டார்.

அருட்செல்வன் தலையை வெளியே நீட்டினான். "இன்னும் எட்டு நட் இறுக்கக் கிடக்கு மாமி. அதைக் கார் நிலத்திலை நிக்கேக்கைதான் இறுக்கவேணும். சில்லு தொங்கேக்கை இறுக்கினா உள்ளுக்கிருக்கிற றப்பர் முறுகிப்போடும். இறக்கிப்போட்டு ஒரு அரை மணித்தியாலம் தாங்கோ."

"தேங்காய் உடைச்சாப் பிறகு காரிலை ஸ்பானர் வைக்கக் கூடாது. இறுக்கிறதை இப்பவே இறுக்கு."

"அது சரிவராது மாமி."

"என்ரை தம்பி இந்தக் காரை எடுத்தது மரணயோகத்திலை. நான் சொல்லச் சொல்லக் கேக்கேல்லை. இப்ப ஆள் எங்கை?"

அருட்செல்வன் கேதீஸ்வரியைப் பார்த்தான். கார் அவளுடையது; சிவக்கொழுந்து அவளுடைய செத்துப்போன கணவரின் அக்கா. அவள் ஒரு சொல் சொன்னால் போதும் என்பதுபோல் பார்த்தான். கேதீஸ்வரி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். அவன் சொன்னது அவளுக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. விளங்கிய அளவுக்குக்கூட அவள் வாய் திறக்கவில்லை. மச்சாள் சொல்லும்போது குறுக்கே கதைத்து அவளுக்குப் பழக்கமில்லை. அருட்செல்வன் மறுபடி கீழே போனான். எட்டு நட்டும் இறுகும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

பத்து இருபத்தெட்டுக்குக் கார் இறங்கியது. தேசிக்காய்கள் நசிந்தன. இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று கேதீஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்கவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

அது அவளுடைய கார் இல்லை. நிறம் அதுதான், பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த பிள்ளையார் படம் அதுதான். ஆனால் யாரோ அதன் வயிற்றுக்குள் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்திருப்பதுபோல் நின்றது. ரயருக்கும் மேலே இருந்த தகட்டுக்கும் நடுவே முன்பு அவளுடைய நாலு விரல்தான் போகும். இப்போது ஒரு குழந்தையின் தலை போகும்போல் இருந்தது.

"சோக்காய் நிக்குது," என்றார் சிவக்கொழுந்து, தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு.

*

கேதீஸ்வரி உரும்பிராயில் பிறந்தவள். ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது வயது பதினாறு. சின்னப் பிள்ளைகளோடு வகுப்பில் ஒரே வாங்கில் இருக்க வெட்கப்பட்டாள். படிப்பு அதோடு முடிந்தது. கடைக்குப் போனால் வேண்டியதைக் கையால் காட்டுவாளே தவிரக் கேட்கமாட்டாள். கலியாணம் முடித்தபிறகும் அப்படித்தான்.

கணவர் வாடகைக்குக் கார் ஓடினார். ஏழு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம், காரைக் கழுவிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாளியின் மேல் சாய்ந்தார். அவருடைய அக்கா சிவக்கொழுந்து அன்றிலிருந்து கேதீஸ்வரியோடுதான் இருக்கிறார். கார் ஒரு வருடம் தார்ப்பாய்ப் படங்கால் மூடிக் கிடந்தது. பிறகு ஒருநாள் கேதீஸ்வரி படங்கை இழுத்துவிட்டு ஏறி இருந்தாள். பக்கத்து இருக்கையில் பதினாலு வருடம் இருந்து அவருடைய காலையும் கையையும் பார்த்தவள். எந்த இடத்தில் எந்தக் கால் அமரும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு முன்னாலுள்ள குறுகிய ஒழுங்கைக்குள்ளேயே ஆறு மாதம் ஓடிப் பழகினாள். ஊர் சிரித்தது. "வாய் திறக்காதவள் ஹோன் அடிப்பாளோ?" என்று சந்தியில் கேட்டார்கள். அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு வந்தபோதும் சிரித்தார்கள். பிறகு தங்கள் வீட்டுப் பெண்களைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக அவளையே கூப்பிட்டார்கள்.

அவளுடைய காரில் ஏறும் பெண்கள் நிறையக் கதைப்பார்கள். அவள் பதில் சொல்லமாட்டாள், கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பாள். யாருக்கு முதுகு நோகிறது, யார் அழுகையை அடக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவாள், குறைப்பாள்.

அவளுக்கு நிரந்தரமான ஆள் என்றால் சின்னத்தங்கம். ஐம்பத்தெட்டு வயது, கலியாணம் முடிக்காதவர், நாலு ஒழுங்கை தள்ளித் தனியே இருப்பவர். சீனி வருத்தத்தில் இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, திங்களும் வியாழனும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். மூன்று வருடமாகக் கேதீஸ்வரிதான் ஏற்றி இறக்குகிறாள். சின்னத்தங்கத்துக்குக் கால் விறைப்பு, இடப்பக்க இடுப்பும் சரியில்லை. கதவைத் திறந்து, இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று, கதிரையில் இருப்பதுபோல் இருப்பார். பிறகு கேதீஸ்வரி குனிந்து இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி உள்ளே வைப்பாள். ஓட்டோவில் ஒருதரம் போய்ப் பார்த்தார், ஒத்துவரவில்லை. ஆம்பிளைகள் கையில் பிடித்து ஏற்றுவதும் அவருக்குப் பிடிக்காது.

"இந்தக் கார் ஒருநாள் நிண்டா நானும் நிண்டிடுவன் பிள்ளை," என்று அடிக்கடி சொல்வார். "ஊசி குத்திக் குத்திக் கை முழுக்கக் கட்டி. ஆருக்காக இதெல்லாம்?" சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கண்ணாடியில் பார்க்கிற கேதீஸ்வரிக்கு அந்தச் சிரிப்பில் நம்பிக்கை இல்லை. சாட்டுக் கிடைத்தால் இந்த மனுசி நிறுத்திவிடும் என்று அவளுக்குத் தெரியும். நிறுத்தினால் ஒரு கிழமையும் தாங்காது என்று ஆஸ்பத்திரித் தாதி சொல்லியிருக்கிறாள்.

கார் பழசாகிப் பின்பக்கம் தொய்ந்துவிட்டது. ஒழுங்கையில் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஒன்று குறுக்கே ஓடுகிறது. அதைக் கடக்கும்போது காரின் வயிறு கல்லில் உரசும். கனடாவில் இருக்கிற அவளுடைய தம்பி கோகுலன் தொலைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னக்கா, பின்பக்கம் நாய் குந்தியிருக்கிறமாதிரி இருக்கு."

"பழசுதானே."

"ஸ்பிறிங் செத்துப்போச்சு. நான் அனுப்பிவிடுறன். காட்டுப் பாதையிலை போற காருகளுக்குப் போடுற சாமான். ரெண்டு அங்குலம் உயரும்."

"உயரவேணுமோ?"

"உயர்ந்தா என்ன குறைஞ்சே போகும்?"

மூன்று மாதத்தில் பெட்டி வந்தது. உடுப்பு, சொக்கிளேற், பால்மா, அடியில் கறுப்பு நிறத்தில் நாலு ஸ்பிறிங், நாலு சொக் அப்சோபர். அருட்செல்வன் ஒரு ஸ்பிறிங்கைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான்.

"உயரத்தைத் தாங்கிறது ஸ்பிறிங் அக்கா. துள்ளலைப் பிடிக்கிறது சொக். உது ரெண்டும் கடுமையான சாமான். பாரம் ஏத்துற காருக்கெண்டா அமந்துபோகும். உங்கடை கார் தூக்கிக்கொண்டுதான் நிக்கும்."

"போடலாமோ?"

"போடலாம். பழசை மட்டும் எறிஞ்சிடாதையுங்கோ."

கழற்றிய பழைய ஸ்பிறிங்குகளை, கார் இறங்கிய அந்த வெள்ளிக்கிழமை பின்னேரமே சிவக்கொழுந்து பழைய இரும்பு எடுக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டார். வளவுக்குள் பழசு கிடந்தால் பீடை என்றார்.

*

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கேதீஸ்வரி சின்னத்தங்கத்தின் வீட்டு வாசல் படலையில் காரை நிறுத்தினாள்.

சின்னத்தங்கம் கைத்தடியோடு வந்து, காரைப் பார்த்து நின்றார். "இதென்ன பிள்ளை, ஆரின்ரை கார்?"

"எங்கடைதான் தங்கக்கா. ஸ்பிறிங் மாத்தினது."

"எனக்கு ஏணி கொண்டுவந்தனியோ?"

வழக்கம்போல் முதுகைக் காட்டி நின்று இருக்கப் பார்த்தார். இருக்கை வழக்கமான இடத்தில் இல்லை. அவருடைய பின்பக்கம் இருக்கையின் விளிம்பில் பட்டு வழுக்கியது. இருந்துவிட்டோம் என்று நினைத்துக் கைத்தடியை விட்டவர், அப்படியே கீழே போனார். கேதீஸ்வரி இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திராவிட்டால் நிலத்தில்தான். இரண்டு பேரும் கதவோடு சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். சின்னத்தங்கத்தின் நெஞ்சு அடிப்பது கேதீஸ்வரிக்குத் தன் நெஞ்சில் கேட்டது. அந்த மனுசி கூச்சல் போடும் என்று எதிர்பார்த்தாள். ஆனால் சத்தமே வரவில்லை. முகம் வெளிறி, வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

எப்படியோ ஏற்றினாள். வீதியில் கார் முன்புபோல் ஓடவில்லை. முன்பு பள்ளம் வந்தால் அமர்ந்து எழும்பும். இப்போது பள்ளத்தின் விளிம்பு அப்படியே வந்து முள்ளந்தண்டில் ஏறியது. வெறும் பெட்டிக்குள் போட்ட புளியங்கொட்டைபோல் இரண்டு பேரும் குலுங்கினார்கள். எதிரே வந்தவர்கள் லைற்றைப் போட்டுப் போட்டுக் காட்டினார்கள். தன் வெளிச்சம் அவர்களுடைய கண்ணுக்குள் அடிக்கிறது என்று அவளுக்குப் பிறகுதான் விளங்கியது. கார் உயர, வெளிச்சமும் உயர்ந்துவிட்டது.

அன்று இரவு கோகுலன் தொலைபேசியில் எடுத்தான். "எப்பிடியக்கா, நல்லாப் போகுதோ?"

"ஓம்," என்றாள் கேதீஸ்வரி.

*

வியாழக்கிழமை திரும்பி வரும்போதுதான் அது நடந்தது.

சுத்திகரிப்பு முடிந்து, இடக்கையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது. சின்னத்தங்கம் அதை மடியில் ஒரு குழந்தைபோல் வைத்துக்கொண்டு வருவார். உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட ஒரு மதகு. அதன் முதுகு கொஞ்சம் எழும்பியிருக்கும். கேதீஸ்வரி மெல்லத்தான் ஏறினாள். மெல்லப் போயும் கார் துள்ளியது. துள்ளி இறங்கிய இடத்தில் இன்னொருதரம் துள்ளியது.

"அம்மா," என்று ஒரு சின்னச் சத்தம். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

கொஞ்சத் தூரம் வந்து கண்ணாடியைப் பார்த்தாள். சின்னத்தங்கம் கதவுக்கு மேலே இருக்கும் பிடியை இடக்கையால் பிடித்திருந்தார். கை மேலே இருந்தது. முழங்கையிலிருந்து ஏதோ ஒழுகியது. கேதீஸ்வரிக்கு முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. பிறகு மடியைப் பார்த்தாள். வெள்ளைப் பூப்போட்ட சேலை மடி முழுக்கச் சிவப்பு. சின்னத்தங்கம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய சேலையிலோ ஏதோ கொட்டிவிட்டதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் எப்படி ஓரத்துக்கு வந்தது என்று கேதீஸ்வரிக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. பின்கதவைத் திறந்து, முன்தானையை மடித்து, பெருவிரலால் அந்த இடத்தை அழுத்தினாள். தாதி ஒருதரம் காட்டிக் கொடுத்திருந்தாள்: அழுத்து, விடாதே, எட்டிப் பார்க்காதே. விரலுக்குக் கீழே இரத்தம் துடித்தது. பம்பில் தண்ணீர் இறைக்கும் குழாயைக் கையால் பொத்தினதுபோல் துடித்தது. ஒரு மோட்டார்சைக்கிள்காரன் நிறுத்தி, "என்னக்கா, அடிபட்டதோ?" என்று கேட்டான். அவள் அவனைப் பார்த்தாள். விரலை இன்னும் அழுத்தினாள். அவன் தண்ணீர்ப் போத்தலை இருக்கையில் வைத்துவிட்டு நின்றான்.

இருபது நிமிடம். விரலை எடுத்தபோது நின்றிருந்தது. கேதீஸ்வரியின் கை முழங்கைவரை விறைத்துப்போயிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குத் திருப்பட்டோ தங்கக்கா?"

"வேண்டாம். வீட்டை விடு."

படலையில் இறக்கியபோது சின்னத்தங்கம் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இனி நான் வரேல்லைப் பிள்ளை. திங்கக்கிழமை நீ வராதை."

வழக்கமான சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. சந்தையில் இன்றைக்கு மரக்கறி வேண்டாம் என்று சொல்வதுபோல் சொன்னார். கேதீஸ்வரி அந்தச் சொல்லுக்கு மூன்று வருடமாகப் பயந்தவள். ஆனால் அது இவ்வளவு லேசாக வரும் என்று நினைக்கவில்லை. படலை சாத்தியபிறகும் அப்படியே நின்றாள்.

*

சனிக்கிழமை காரைக் கராஜுக்குக் கொண்டுபோனாள். அருட்செல்வன் பின் இருக்கையில் காய்ந்திருந்த இரத்தத்தைக் குனிந்து பார்த்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். ஐந்தாறு சொல்லில்.

கராஜில் சீமெந்தால் கட்டின குழி ஒன்று இருந்தது. அதற்கு மேலே காரை நிறுத்தி, அவன் கீழே இறங்கி லைற் அடித்துப் பார்த்தான். பிறகு அவளைக் கூப்பிட்டான். கேதீஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள். தன் காரின் அடிவயிற்றை அவள் முதல்தரமாகப் பார்த்தாள்.

"இந்த இரும்புக் கை தெரியுதோ அக்கா? சில்லைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது. அது ஏறி இறங்கத்தான் வேணும். இது உடம்போடை சேருற இடத்திலை றப்பர் கிடக்கு. பாருங்கோ, எப்பிடி முறுகியிருக்கெண்டு." ஈரத் துணியைப் பிழிந்ததுபோல் அந்த றப்பர் ஒருபக்கம் வரிவரியாக இழுபட்டிருந்தது. "சில்லு தொங்கேக்கை இறுக்கினது. அதுக்குத் தொங்குறதுதான் சரியான இடமெண்டு ஆகிப்போச்சு. கார் இறங்கப் பாக்குது, றப்பர் விடுகுதில்லை. ஸ்பிறிங் ரெண்டு அங்குலம் தூக்கினது, இது அதுக்கு மேலையும் தூக்குது. கடுமையும் கூட."

"அப்ப இது..."

"நான் அண்டைக்குச் சொன்னனான் அக்கா. நீங்களும் கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னான். கேதீஸ்வரி பிழை கனடாவில் இருந்து வந்த பெட்டிக்குள் என்று நினைத்துக்கொண்டு வந்தவள். எட்டு நட்டும் இறுகிய சத்தம் காதில் கேட்டது. அவன் தன்னைப் பார்த்தது, தான் நிலத்தைப் பார்த்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "பொறுங்கோ மச்சாள்" என்று இரண்டு சொல்கூட வேண்டாம்.

"என்னிலையும் பிழை," என்றான் அருட்செல்வன். "மாமி ஏசுவா எண்டு விட்டிட்டன்."

"சரிப்பண்ணலாமோ?"

"கழட்டி, கார் தன்ரை பாட்டிலை அமர விட்டு, பேந்து இறுக்கவேணும். ஸ்பிறிங்கின்ரை உயரம் இருக்கத்தான் செய்யும். மற்ற உயரம் போகும். ஆனா இண்டைக்கு ஏலாது அக்கா, இப்ப கிளிநொச்சிக்குப் போறன், நாளைக்குத்தான் வருவன். நாளைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்குக் கொண்டுவாங்கோ."

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறுவரை ராகுகாலம். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

*

"ராகுகாலத்திலையோ?" என்றார் சிவக்கொழுந்து. "உனக்கு விசரே? செவ்வாய்க்கிழமை காலமை செய்."

"திங்கள் விடியத் தங்கக்காவைக் கொண்டுபோகவேணும் மச்சாள்."

"அவ வரேல்லை எண்டவ."

"அதாலைதான்."

"தம்பியை விழுங்கின கார் இது. நீயும் போகப்போறியோ?"

கேதீஸ்வரிக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. நேரம் பார்க்காமல் ஒரு நாளும் வெளிக்கிட்டதில்லை. ஆனாலும், "அண்டைக்கு நல்ல நேரத்திலை செய்ததுதான் மச்சாள் தங்கக்காவின்ரை மடியிலை ரத்தமாய்க் கிடந்தது," என்றாள்.

தன் வாயிலிருந்து வந்தது அது என்று அவளே நம்பவில்லை. சிவக்கொழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். ஏசவில்லை. அறைக்குள் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறினார். ஏறுவதற்கு மூன்று தரம் எத்தனிக்கவேண்டியிருந்தது. "இதிலையோ அந்த மனுசியை ஏத்தினனீ?" என்று மட்டும் கேட்டார்.

கராஜில் அருட்செல்வன் குழிக்குள் நின்றபடி கூப்பிட்டான். "அக்கா, பின் சீற்றிலை தங்கக்காவின்ரை பாரத்துக்கு ஒரு ஆள் இருந்தா நல்லம். முன்னுக்கு நீங்கள் இருங்கோ. எந்தப் பாரத்திலை ஓடுதோ அந்தப் பாரத்திலை இறுக்கவேணும்."

கராஜில் அந்தப் பாரத்துக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்திலை என்னைக் கொண்டுவந்து இருத்திறியள்," என்று முணுமுணுத்துக்கொண்டு சிவக்கொழுந்து பின் இருக்கையில் இருந்தார். வாய்க்குள் தேவாரம் சொல்லத் தொடங்கினார். கேதீஸ்வரி சில்லைப் பார்க்க வேண்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

முதல் நட்டைத் தளர்த்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதில் எங்கோ ஒரு முனகல். ஐந்தாவதைத் தளர்த்தியபோது கார், யாரோ தோளைத் தொட்டுச் சரி இரு என்று சொன்னதுபோல், கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு இறங்கியது. கண்ணுக்கு முன்னாலேயே இறங்கியது. யாரும் அழுத்தவில்லை. சிவக்கொழுந்தின் தேவாரம் நின்றுவிட்டது.

"என்ன நடந்தது? உடைஞ்சதோ?"

"இல்லை மாமி," என்றான் குழிக்குள்ளிருந்து அருட்செல்வன். "இருந்திட்டுது."

கேதீஸ்வரி வாயில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றேகால் அங்குலம் இருக்கும். பத்து நாள் ஒரு மனுசியை விழுத்தி, குலுக்கி, இரத்தம் கக்கவைத்த உயரம், ஒரு ஸ்பானர் திருப்பலில் போய்விட்டது. அது அவ்வளவு லேசாகப் போனதுதான் அவளை உலுக்கியது. மகிழ்ச்சி என்று சொல்ல ஒன்றும் வரவில்லை.

அருட்செல்வன் எட்டையும் புதிதாக இறுக்கினான். ரயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தான். லைற்றைச் சுவரில் அடித்துப் பார்த்துக் கீழே திருப்பிவிட்டான். முழுதாகச் சரியில்லை, ஸ்பிறிங் கடுமைதான், பழைய ஸ்பிறிங் ஒரு சோடி எங்கேயாவது தேடுகிறேன் என்றான். திரும்பும்போது கேதீஸ்வரி வேண்டுமென்றே அந்த மதகின்மேல் போனாள். கார் எழும்பி இறங்கி, ஒருதரத்தோடு நின்றது.

*

திங்கள் ஐந்தரைக்கு அவள் படலையைத் தட்டினாள். நெடுநேரம் சத்தம் இல்லை. பிறகு சின்னத்தங்கம் வந்தார். முகம் ஊதியிருந்தது. கண்ணிமைகள் தடித்திருந்தன. படலையைத் திறக்கவில்லை.

"நான் வரேல்லை எண்டனான்."

"ஒருக்கா வந்து இருந்து பாருங்கோ தங்கக்கா. பிடிக்காட்டி இறங்கலாம்."

"போ பிள்ளை."

கேதீஸ்வரி போகவில்லை. "பிழை காரிலை இல்லை. அந்த நட்டை நிலத்திலை வைச்சுத்தான் இறுக்கவேணும் எண்டு பொடியன் சொன்னவன். மச்சாள் நேரம் போகுது எண்டா. நான் கேட்டுக்கொண்டு நிண்டனான், வாய் திறக்கேல்லை. நான் வாய் திறக்காததாலைதான் நீங்கள் விழப் பாத்தது, உங்கடை கையிலை ரத்தம் வந்தது. இப்ப கழட்டி இறுக்கினது. ராகுகாலத்திலைதான் செய்தது. மச்சாள் பின்னுக்கு இருந்தவ. நேற்று மதகிலை ஏறிப் பாத்தனான். நீங்கள் வராட்டி நான் இதிலையே நிப்பன். எனக்கு வேறை எங்கை போக இருக்கு?"

சின்னத்தங்கம் படலையின் மேல்தடியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீ இவ்வளவு கதைப்பியோ?"

கேதீஸ்வரி நிலத்தைப் பார்த்தாள்.

"மூண்டு வரிசம் ஒரு சொல்லுக்கு மறு சொல்லு இல்லை. இப்ப விடியக் காலமை வந்து பிரசங்கம்," என்று சொல்லிக்கொண்டே சின்னத்தங்கம் படலையைத் திறந்தார். காரின் திறந்த கதவுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று, தயங்கி, பின்னால் கையால் தடவிப் பார்த்தார். இருக்கை கைக்குப் பட்டது. இருந்தார். கேதீஸ்வரி குனிந்து கால்களைத் தூக்கினாள். இரண்டு காலும் தண்ணீர்ப் பை மாதிரி இருந்தன. விரல் பட்ட இடம் குழியாக நின்றது.

ஆஸ்பத்திரியில் தாதி அவரை நிறுவையில் ஏற்றினாள். முள்ளைப் பார்த்தாள். இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள்.

"அஞ்சு கிலோ கூடியிருக்கு. அம்மா, என்ன குடிச்சனீங்கள்?"

சின்னத்தங்கம் சுவரைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ. மிசினிலை போட முதல் எனக்குத் தெரியவேணும்."

"தண்ணிதான். சோடா. ரெண்டு நாள் மாம்பழம் கரைச்சுக் குடிச்சனான்." பிறகு, "இளநியும்," என்றார்.

"எத்தினை?"

"எண்ணேல்லை. இனி வாறேல்லை எண்டாப் பிறகு என்னத்துக்கு எண்ணிறது?"

தாதியின் கை கோப்பின் மேல் அப்படியே நின்றது. அவள் யாரையோ கூப்பிட்டாள், சின்னத்தங்கத்தை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நெஞ்சில் வயர்கள் ஒட்டினார்கள். திரும்பி வந்தபோது தாதி கேதீஸ்வரியைச் சுவரோரம் கூட்டிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"தண்ணி மட்டுமெண்டா மூச்சு முட்டும், ஒருமாதிரிச் சமாளிக்கலாம். இளநியிலையும் மாம்பழத்திலையும் இருக்கிற பொட்டாசியம் இந்த ஆக்களின்ரை இருதயத்தை நிப்பாட்டிப்போடும். இப்பவே துடிப்புச் சரியில்லை. இண்டைக்கு நீங்கள் கொண்டுவராட்டி நாளைக்குக் கொண்டுவர ஆள் இருந்திராது."

கேதீஸ்வரி வாங்கில் இருந்தாள். நாலு நாளும் அந்த மனுசி தனியே இருந்து, ஆசைப்பட்டதையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தது அவள் கண்ணுக்குள் வந்தது. மூன்று வருடமாக மறுத்த தண்ணீர். செவ்வாய்க்கிழமை காலை செய் என்று மச்சாள் சொன்னதும் வந்தது. நாலரை மணித்தியாலம் அவள் அந்த வாங்கிலிருந்து எழும்பவில்லை. உள்ளே இயந்திரம் கூவும் ஒவ்வொருதரமும் கதவைப் பார்த்தாள்.

மத்தியானத்துக்குக் கிட்டச் சின்னத்தங்கம் வெளியே வந்தார். முகம் வற்றி, பாதியாகிப்போயிருந்தது. கதிரையில் இருப்பதுபோல் காரில் இருந்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார், மதகு தாண்டும்போது கண்ணை மூடினார், திறந்தார்.

வீட்டு வாசலில் கேதீஸ்வரி கைத்தடியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"பொறு," என்றார் சின்னத்தங்கம். "குசினிக்குள்ளை இன்னும் ரெண்டு இளநி கிடக்கு. நீ கொண்டுபோ. இஞ்சை கிடந்தா என்ரை கை சும்மா இராது."

கேதீஸ்வரி உள்ளே போய் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பச்சையாக, குளிர்ந்து, நினைத்ததைவிடப் பாரமாக இருந்தன. முன் இருக்கையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சின்னத்தங்கம் உள்ளே போகும்வரை காரை எடுக்காமல் அந்தப் படலையிலேயே இருந்தாள்.